இட்லிப்பூச் செடியும் ஏழு ஆணிகளும்

எனக்கு எழுதி வைக்கும் வியாதி உண்டு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், செஞ்சியில் முதல் கோடை மழை பெய்த நேரம், பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது நான் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது (ரவா உப்புமா) எல்லாமே தேதி, கிழமை, மணியோடு என் நோட்டில் இருக்கும். கோட்டையைப் பற்றி யாரும் கேட்காத ஒரு வரலாறும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு நோட்டுகள் ஆகிவிட்டன. இன்னும் முதல் மதிலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

எழுதி வைப்பவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று ஊர் நம்புகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. எழுதி முடித்து நோட்டை மூடிய அந்த நொடியே அவன் மறந்துவிடுகிறான். நிம்மதியாக மறப்பதற்காகத்தான் எழுதவே செய்கிறான் என்று இப்போது தோன்றுகிறது. இந்த ஞானம் எனக்கு ஆறு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னிலையில் வந்தது. தனியாக வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நான் பத்திரம் எழுதுகிறவன். சொத்து வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் என் மேசைக்கு வருவார்கள். எல்லோருக்கும் நான் 'ரைட்டர்'. ஆகவே சம்பவம் நடந்த இடத்துக்கு நான்கெல்லை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு வடக்கு, குளியலறைத் தண்ணீர் போகும் கால்வாய்க்குத் தெற்கு, சமையலறை ஜன்னலுக்கு மேற்கு, எங்களுக்கும் ஏழுமலை மாமா வீட்டுக்கும் பொதுவான மதிலுக்குக் கிழக்கு. இதற்குள்பட்ட இடத்தில் ஓர் இட்லிப்பூச் செடி. சிவப்புப் பூ. என் இடுப்பு உயரம்.

ஏழுமலை மாமா கொத்தனார். அந்த மதிலைக் கட்டியவரே அவர்தான். கட்டும்போது அவர் மனைவி வசந்தா அக்காவும் என் மனைவி காஞ்சனாவும் சேர்ந்து நின்று சண்டை போட்டு, செடிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடச் சொன்னார்கள். அதற்குக் கதவும் கிடையாது. அந்த வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், போன் சார்ஜர் வரும், பிரஷர் குக்கர் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கும். காஞ்சனா திண்டிவனத்துக்காரி. வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறவள். செஞ்சியில் அவளுக்கு உறவென்று யாரும் இல்லை. அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனபோது பதினெட்டு நாள் மூன்று வேளையும் கஞ்சியும் ரசமும் அந்த வழியாகத்தான் வந்தன (குறிப்பு இருக்கிறது). எனக்கு அது மதிலில் ஒரு சந்து. அவளுக்கு அதுதான் தாய்வீட்டு வாசல்.

செடி எங்கள் பக்கம். பூ வசந்தா அக்காவுக்கு. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வந்து பறித்துக்கொண்டுபோய் அம்மன் படத்துக்குச் சாத்துவார். அவர்தான் முதலில் கவனித்தார். பங்குனி மாதம்.

"இன்னா தம்பி, செடிக்கு காமால வந்தா மாதிரி இருக்குது?"

எட்டிப் பார்த்தேன். கொழுந்து இலைகள் வெளுத்த மஞ்சளாக இருந்தன. நரம்புகள் மட்டும் பச்சை.

"கொஞ்சம் சாணி எரு போடுங்க. சரியாப் பூடும்" என்றாள் காஞ்சனா ஜன்னலுக்குள்ளிருந்து.

சாணி எரு! நோய் என்னவென்று தெரியாமல் மருந்தா? நான் படிப்பவன் இல்லையா? நூலகத்துக்குப் போனேன். தோட்டக்கலைப் புத்தகங்கள் இருந்த ஒரு தட்டை முழுவதும் படித்தேன். அதோடு நிற்கவில்லை, மண் வகைகள், பாசன முறைகள், எப்படியோ வழிதவறிப் பட்டுப்பூச்சி வளர்ப்பு வரை போய்த் திரும்பினேன். இதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. செடி அவ்வளவு காலமும் எனக்காகப் பொறுமையாக மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் முடிவுக்கு வந்தேன். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், நான் சொன்னது சரி. ஏன் இரும்பு கிடைக்கவில்லை என்ற அடுத்த கேள்வியைத்தான் கேட்கவில்லை. இரும்பு இல்லையா, கொடுத்துவிட்டால் போயிற்று! தொண்டை அடைத்துக்கொண்டு தவிப்பவன் முன்னால் இன்னும் இரண்டு தட்டு பிரியாணி வைக்கிற மாதிரியான வைத்தியம்.

பழைய இரும்புக் கடையில் விரல் நீள ஆணிகள் ஏழு வாங்கினேன். ஏதோ பழைய கதவிலிருந்து பிடுங்கியவை, துரு உதிர்ந்தது. மண்ணில் புளிப்பு இருந்தால்தான் இரும்பு கரையும் என்று படித்திருந்ததால் எலுமிச்சம்பழமும் வாங்கினேன். அதை இரண்டாக வெட்டி, வேரைச் சுற்றிப் பிழிந்து, ஆணியைச் சொருகி, பிழிந்த மூடியை அதன் மேலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடுவது என் முறை.

இதைச் செய்ய எனக்கு நேரம் எப்போது கிடைக்கும்? எங்கள் தொழிலின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சொத்துப் பதிய வருகிறவர்கள் அபூர்வம். அதிலும் மாலை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். என் மேசைப் பக்கம் ஈ, காக்கா வராது. எனக்கு நாள், நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. என்னிடம் வருகிறவர்களுக்கு உண்டு. அதனால் அவர்களுடைய கெட்ட நேரமெல்லாம் எனக்கு ஓய்வு நேரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆக, ஆனி மாதத்தில் தொடர்ந்து மூன்று செவ்வாய்க்கிழமைகள், ராகு காலத்தில், எலுமிச்சம்பழத்தை வெட்டித் துருப்பிடித்த ஆணியோடு மண்ணில் புதைத்தேன். இப்படி ஒரே வரியில் எழுதிப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அன்று நான் விஞ்ஞானி.

விஞ்ஞானி அதோடு விடுவானா? கிளைகளைத் தனித்தனியாகக் கவனிக்க காஞ்சனாவின் தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்தேன். மோசமான கிளைக்குச் சிவப்பு நூல், பிழைக்காது என்று நான் தீர்மானித்த கிளைக்குக் கறுப்பு நூல். மஞ்சளின் அளவை எப்படிக் குறிப்பது? ஒரு வெள்ளை அட்டையில் ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் மஞ்சள்தூளைக் கரைத்து, லேசிலிருந்து அடர்த்தி வரை தடவி, ஒன்று முதல் ஒன்பது வரை எண் எழுதினேன். இலையைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தால் 'இன்று ஆறு' என்று எழுதிவிடலாம். அட்டை மழையில் நனையாதபடி பாலிதீன் உறையில் போட்டுச் செடியின் தண்டிலேயே கட்டித் தொங்கவிட்டேன். செடி பூப்பதை நிறுத்தியிருந்ததால் வசந்தா அக்கா அப்போதெல்லாம் அந்த வழியாக வருவதில்லை, கிண்ணமும் குக்கரும் காஞ்சனாவின் கையில்தான் போய்வந்தன.

"நல்லாதான் கீது, கோயில்ல வேண்டுதலுக்கு கட்டனா மாதிரி" என்றாள் காஞ்சனா. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இதே ஆனி மாதம் பக்கத்து வீட்டுக்கு நல்லதாக இல்லை. மிக்ஸி புகைந்தது. பசு கறக்க விடாமல் உதைத்தது. அவலூர்பேட்டையில் வேலை செய்துகொண்டிருந்த ஏழுமலை மாமா சாரத்திலிருந்து விழுந்து கணுக்காலில் கட்டோடு வீடு வந்து சேர்ந்தார். பார்க்கப் போனோம். காஞ்சனா ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டாள். நான் நோட்டு எடுத்துக்கொண்டேன்.

வசந்தா அக்கா அன்று சரியாகப் பேசவில்லை. சிங்கவரத்திலிருந்து அவருடைய தம்பி வந்து குறி கேட்க அழைத்துப்போயிருக்கிறார். குறி சொன்னவர், "தூரத்துல இல்ல, கைக்கெட்டுற எடத்துல, மண்ணுக்குள்ள இருக்குது" என்றாராம். இது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஆடி இரண்டாம் வெள்ளி. காலை ஏழு மணி. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"காஞ்சனா! ஏ காஞ்சனா! வெளிய வா!"

அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே ஓடினோம். வசந்தா அக்கா செடிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவருடைய கோழி வேர்ப்பக்கம் கிளறிவிட்டிருந்தது. கறுத்துச் சுருங்கிய எலுமிச்சை மூடிகள் நான்கு. இரண்டு ஆணிகள். அவர் கண்கள் அங்கிருந்து மெல்ல மேலே ஏறின. கறுப்பு நூல், சிவப்பு நூல், கடைசியாக, மஞ்சள் தடவி எண் எழுதிய ஒன்பது கட்டம்.

"இது இன்னாது?"

என் ஆராய்ச்சியைப் பற்றி முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டுப் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஆணிக்கா."

"ஆணின்னு தெரியாமயா கேக்கறேன்? இன்னாத்துக்கு இங்க பொதச்ச?"

"இரும்பு உள்ள எறங்கணும்கா. கொஞ்சம் கொஞ்சமா எறங்கும்."

"யாருக்குள்ள?"

அப்போதுதான் காஞ்சனா என் கையைக் கிள்ளினாள். எனக்குப் புரிந்தது. புரிந்தவுடன் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் நான் ஆவணங்களின் மனிதன். குற்றம் சாட்டப்பட்டால் ஆதாரம் காட்ட வேண்டும்.

"அக்கா, ஒரு நிமிஷம். எல்லாத்துக்கும் எழுத்துல இருக்குது. நீங்களே கேளுங்க."

நோட்டை எடுத்துவந்து, பத்திரத்தை வாசித்துக் காட்டும் அதே குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"ஆனி, முதல் செவ்வாய். ராகு காலம். மணி மூன்று ஐந்து. ஆணி இரண்டு, எலுமிச்சை ஒன்று. மதில் பக்கமாகப் புதைக்கப்பட்டது."

வசந்தா அக்கா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். என் நிரபராதித்தனம் நிரூபணம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆனி, இரண்டாம் செவ்வாய். ராகு காலம். ஆணி இரண்டு, எலுமிச்சை ஒன்று. பலன் இன்னும் தெரியவில்லை. ஆனி, மூன்றாம் செவ்வாய். ஆணி மூன்று. மணி மூன்று பத்து. இனி பலன் தெரிய வேண்டும்."

"நிறுத்து" என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது. "காஞ்சனா, மாமா சாரத்துலேந்து வுழுந்தது என்னிக்கி?"

காஞ்சனா தரையைப் பார்த்தாள். "செவ்வாக்கெழம."

"எந்த செவ்வா?"

"...அந்த மூணாவது செவ்வாதான்கா."

"எத்தினி மணிக்கி?"

அக்காவே சொன்னார். "மூணேகாலு."

மூன்று பேரும் என் நோட்டைப் பார்த்தோம். இந்த இடத்தில், வேறு எந்த மனிதனும் காலில் விழுந்திருப்பான். குறைந்தபட்சம் சும்மா இருந்திருப்பான். நான் சொன்னது இது:

"பாத்தீங்களா, நான் அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டேன்கா."

அக்கா கத்தவில்லை. சபிக்கவில்லை. கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாக உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வழியில் சாத்தும் சத்தம் கேட்டது.

அவருடைய பயத்தை நினைத்து இன்று என்னால் சிரிக்க முடியவில்லை. கணவன் உயரத்தில் நின்று வேலை செய்கிறவன். ஒவ்வொரு நாளும் அவன் திரும்பி வரும்வரை ஒரு பெண் எதையெல்லாம் கணக்குப் போடுவாள்? எந்த நாளில் என்ன உடைந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவரும் எழுதி வைத்துக்கொண்டுதான் இருந்தார், மனசுக்குள். நான் நோட்டில் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் மாதிரியே தெரியும். கோட்டை வரலாறு எழுதுகிறேன் என்று நானும் பதினோரு நோட்டுகளில் அதைத்தானே செய்திருக்கிறேன்?

அன்று பகலில் காஞ்சனா ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்துக்கொண்டே சொன்னாள்: "உன்ன யாரு எழுதச் சொன்னது? எழுதனதயாவது யாரு படிக்கச் சொன்னது?" கோபம் வந்தால் 'ங்க' போய்விடும். பிரஷர் குக்கர் அன்று அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. கேட்கவும் முடியாது. சோறு பானையில் குழைந்தது. அவள் சாப்பிடாமலே எழுந்துபோனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழுமலை மாமா, கட்டுப் பிரித்த காலை லேசாக இழுத்தபடி, மூன்று சக்கர வண்டியில் செங்கல் கொண்டுவந்து எங்கள் பக்கம் இறக்கினார்.

"வழிய அடைக்கச் சொல்றா மச்சான். அடைச்சாதான் அடுப்பு பத்த வப்பேன்னு குந்தினு இருக்கா. நான் இன்னா பண்றது, சொல்லு."

"மாமா, நீங்க நம்பறீங்களா?"

அவர் செங்கல்லை அடுக்கிக்கொண்டே யோசித்தார். "உன்ன நம்பறேன். ஆனா எதுக்கும் அடுத்த தபா செவ்வாக்கெழம உட்டுட்டு புதன்ல வச்சுக்கோ."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் கடப்பாரையோடு வந்தார். புதுச் சுவருக்கு அடியில் கடைக்கால் எடுக்க வேண்டும். செடியின் வேரை ஒட்டித்தான் தோண்டியாக வேண்டும். கட்டில் நகர்த்தப்பட்டது. அந்தப் பக்கம் வசந்தா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் தெருவில் எந்தச் சுவருக்கும் இத்தனை மௌனமாகக் கடைக்கால் எடுத்திருக்க மாட்டார்கள்.

"காஞ்சனா" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "அந்த நோட்ட கொண்டாந்து மொதல்லேந்து படி. வேற இன்னா இன்னா பொதச்சிருக்காருன்னு தெரியணும். அடைக்கறதுக்கு முன்ன ஒண்ணுவிடாம தோண்டி வெளிய போட்ரணும்."

காஞ்சனா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வருடத்தின் முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். எந்த விசாரணையிலும் ஒருவன் இவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டான். "பஸ்ஸில் எனக்கு அடையாளம் தெரியாத ஒருவர் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். யார் என்று யோசித்து வருகிறேன்." அடுத்த பக்கம்: "காஞ்சனா இன்று வைத்த கத்திரிக்காய்க் குழம்பு சுமார். சொல்லவில்லை." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

அப்போது கடப்பாரை 'நறுக்'கென்று எதிலோ இறங்கியது. மாமா குனிந்து கையால் மண்ணை விலக்கினார். ஒரு சாண் ஆழத்தில் வெள்ளையாக, கெட்டியாக, தட்டுத் தட்டாக ஏதோ இருந்தது.

"இன்னாயா இது? மண்ணுக்குள்ள சுண்ணாம்பு பாளமா கீது?"

நாங்கள் குடியிருப்பது கோட்டை ஊர். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் காரை. பதினோரு நோட்டுகள் எழுதிய எனக்கு, என் சொந்தப் புறக்கடையில்!

"மாமா, தொடாதீங்க!" என்று கத்தியேவிட்டேன். பள்ளத்தில் இறங்கி மண்டியிட்டேன். "இது பழைய தளம். கோட்டை கட்டின காலத்துக் காரையா இருக்கும். அந்தக் காலத்துல கடுக்காய், வெல்லமெல்லாம் போட்டு அரைப்பாங்க. பாருங்க, எவ்ளோ கெட்டி! இந்த இடத்துல ஒரு காவல் மாடம் இருந்திருக்கலாம். ராணி குளிக்கிற தொட்டியாக்கூட..."

வசந்தா அக்காகூட ஓர் அடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். மாமா ஒரு துண்டை எடுத்து விரலில் நசுக்கினார். முகர்ந்தார். நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இதுல காவல் மாடம் ஒண்ணும் இல்ல மச்சான். சொவுத்துக்கு அடிக்கற கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஒரு வருசம்கூட ஆயிருக்காது. யாரு கொட்டனது?"

"தெரியலையே மாமா" என்றேன், மனதாரத்தான்.

"இருங்க" என்றாள் காஞ்சனா.

அந்த 'இருங்க' இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் எழுந்து நின்று, நோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, என்னுடைய அதே பத்திரக் குரலில் படித்தாள்.

"தை மாதம், போகிக்கு முந்தின நாள் ஆரம்பித்த வெள்ளையடிப்பு இன்று முடிந்தது. மதில் நன்றாக வந்திருக்கிறது. மீந்த சுண்ணாம்பு இரண்டு குடம். கால்வாயில் கொட்டி வீணாக்காமல், யோசித்து, இட்லிப்பூச் செடியின் வேரைச் சுற்றிக் குழி பறித்து ஊற்றி மண்ணால் மூடினேன். எறும்பு வராது. செடிக்கும் சத்து. இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது."

கோழி பள்ளத்துக்குள் இறங்கி வந்து என்னருகே கிளறியது.

"சொவுத்தோரம் சுண்ணாம்பு கொட்டன எடத்துல இட்லிப்பூ எங்கியா வரும்?" என்றார் மாமா. "எத்தினி வூட்ல பாத்துருக்கேன். என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாது?"

சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நூலகப் புத்தகத்தில் அது அடுத்த பக்கத்திலேயே இருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன். நான் அதைக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 'சுண்ணாம்பு உள்ள இடங்களில் இது நேரும். நமக்குப் பொருந்தாது.'

பள்ளத்தில் மண்டியிட்டபடியே நிமிர்ந்து வசந்தா அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயை மூடினார். தோள் குலுங்கியது. பிறகு அது வெடித்து வந்தது. அத்தனை பெரிய சிரிப்பு அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்ததோ!

"யோவ்," என்றார் கணவரிடம், மூச்சு வாங்கியபடி. "சொந்த செடிக்கு அவரே வெசம் வச்சிட்டு, அவரே அஞ்சு மாசமா வைத்தியம் பாத்திருக்காருயா. ஒரு செடிய பொழைக்க வைக்கத் துப்பில்ல. இந்த ஆளா நம்பள சாகடிக்கப் போறாரு?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். முட்டாள்தனத்தை முன்னிட்டு நான் விடுதலை செய்யப்பட்டேன்.

சிரித்து முடித்ததும் அக்கா நிஜமாகவே அழுதார். காஞ்சனா நோட்டைக் கல்லின் மேல் போட்டுவிட்டு அந்த வழியாகப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. பேசியிருந்தாலும் என்னிடம் குறிப்பு இல்லை.

"இப்ப நான் தோண்டறதா, வாணாமா?" என்றார் மாமா.

"தோண்டு" என்றார் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "செடிய சுத்தித் தோண்டு. அந்த வெள்ள மண்ண முழுசா வாரிக் கொட்டு."

கடைக்காலுக்கு எடுத்த பள்ளம் அப்படியே வளைந்து செடியைச் சுற்றிப் போயிற்று. சுண்ணாம்புப் பாளங்களைக் கூடை கூடையாக வாரி வெளியே போட்டோம். மீதி ஐந்து ஆணிகளும் கிடைத்தன. சிங்கவரத்துத் தம்பி தன் கொல்லையிலிருந்து செம்மண் கொண்டுவந்தார். எந்தப் பசு கறக்க விடாமல் உதைத்ததோ அதன் மட்கிய சாணியையே கலந்து போட்டோம். (காஞ்சனா பங்குனியில் சொன்னதுதான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சும்மா என்னைப் பார்த்தாள்.) நூல்களையும் ஒன்பது கட்ட அட்டையையும் அக்காவே கத்தரித்து அடுப்பில் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகும் என்று தினமும் போய்ப் பார்த்தேன். அவை பச்சையாகவில்லை, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. புரட்டாசியில், நான் கறுப்பு நூல் கட்டியிருந்த அதே கிளையில் ஒரு கொழுந்து வந்தது. முதல் நாளிலிருந்தே பச்சை. அக்காவும் நாங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த மூன்று நாட்களைப் பற்றி யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வாரமே புதன்கிழமை ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு வந்தது. வியாழக்கிழமை பிரஷர் குக்கர் வந்தது. அவ்வளவுதான். அடுத்த தையில் செடி கொத்துக் கொத்தாகப் பூத்தது.

ஆனால் ஊர் அவ்வளவு சுலபத்தில் விடுமா? கார்த்திகையில் பனமலையிலிருந்து ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "ரைட்டரே, பங்காளி ஒருத்தன் ரொம்ப துள்றான். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் போதும்" என்றார். நான் பத்திரம் மட்டும்தான் எழுதுவேன் என்று எவ்வளவோ சொன்னேன். "பெரிய கை. சும்மா ஒத்துக்குவாரா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்.

வழி இன்னும் திறந்தே இருக்கிறது. மாமா இறக்கிய செங்கல் அடுக்கியபடியே கிடக்கிறது. அதன்மேல் காஞ்சனா ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறாள். ஏழு ஆணிகளில் ஒன்றை மாமா அந்த வழியோரத்து மதிலிலேயே அடித்து என் நோட்டைக் கயிறு கட்டி மாட்டிவிட்டார். "இனிமே நாலு பேரு படிக்கட்டும்" என்றார். படிக்கிறார்கள். வசந்தா அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திருத்தம்கூடச் சொல்கிறார்: "மழ ஆறு மணிக்கு பெய்யல தம்பி, ஆறேமுக்காலுக்கு. என் வடாம் நனஞ்சிது, எனக்குத் தெரியாதா?" அவர் சொல்வதே பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்பு தொடங்குவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் அந்த வழியில் கூடுகிறது. காஞ்சனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தச் சுண்ணாம்புக் குறிப்பைப் பஞ்சாங்கம் வாசிப்பதுபோல வாசிக்கிறாள். 'இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது' என்ற வரியை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். அதன்பிறகு மீந்த சுண்ணாம்பை யார் கால்வாயில் கொட்டுவது என்று முடிவாகும். அந்தக் குடத்தை என் கையில் மட்டும் கொடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும், மாமா கட்டிலில் படுத்திருந்தாலும் சரி, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வசந்தா அக்காவின் குரல் வரும்:

"யோவ், சாரத்துலேந்து எறங்குயா! ரைட்டரு வந்துட்டாரு!"